வைரஸ் வரைந்த வரைபடம்: யார் சாட்சி, எதற்குச் சாட்சி?

நாய் கடித்த இடம் தலைக்கு எவ்வளவு அருகிலோ, ஆபத்தும் அவ்வளவு அருகில் என்பது மருத்துவ நூல் எதையும் புரட்டாதவர்களுக்கும் தெரிந்த செய்தி. கணுக்காலில் கடித்தால் நோய் தலைகாட்ட மாதங்கள் ஆகலாம். முகத்திலோ கழுத்திலோ கடித்தால் சில வாரங்களே போதும். இந்த நாட்டறிவுக்குள் ஒரு நரம்பியல் உண்மை ஒளிந்திருக்கிறது. மூளையை அடைய ரேபிஸ் வைரஸ் இரத்த ஓட்டத்தை நம்புவதில்லை. தசையிலிருந்து நரம்பின் முனைக்குள் நுழைந்து, ஆக்சானுக்குள் ஓடும் நுண்குழாய்களின் மேல், டைனீன் என்னும் இயக்கப் புரதத்தின் தோளேறி, முனையிலிருந்து உடலை நோக்கிப் பின்னோக்கிப் பயணம் செய்கிறது. அங்கே பெருகியபின் சினாப்சைக் கடந்து, அந்த நியூரானுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த முந்தைய நியூரானுக்குள் ஏறுகிறது. செய்தி எந்தத் திசையில் வருகிறதோ, அதற்கு எதிர்த்திசையில் வைரஸ் செல்கிறது. மூளையில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒற்றன் கிடைப்பது அரிது.

அந்த ஒற்றனைப் பணிக்கு அமர்த்தியவர்களின் வரலாற்றை நரம்பியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். 1970களின் தொடக்கத்தில் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ் என்னும் நொதியை நரம்பு முனையில் செலுத்தி, அது பின்னோக்கிச் சென்று சேரும் செல்லுடலைக் கண்டறியும் முறை பரவியது. அது ஒரு நியூரானோடு நின்றுவிடும், அடுத்ததற்குத் தாண்டாது. தாண்டினாலும் ஒவ்வொரு தாண்டலிலும் நீர்த்துப் போகும். வைரசுக்கு அந்தக் குறை இல்லை, சென்ற இடமெல்லாம் பெருகும். ஹெர்பிஸ் வைரசும், பன்றிகளைத் தாக்கும் போலி ரேபிஸ் வைரசின் பார்த்தா என்னும் தடுப்பூசி வகையும் முதலில் பயன்பட்டன. பிரான்சில் பணியாற்றிய கேப்ரியெல்லா உகோலினி 1995இல் ரேபிஸ் வைரசைக் கொண்டு நரம்புப் பாதைகளைத் தடம்பிடிக்க முடியும் எனக் காட்டினார். ஆனால் சிக்கல் அப்போதும் தீரவில்லை. வைரஸ் ஓரிடத்தில் நிற்பதில்லை. மூன்றாம் நாளில் ஒளிரும் நியூரான் நேரடியாக இணைந்ததா, இடையில் இன்னொன்று இருக்கிறதா என்பதைக் கால அளவை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது. வலுவான மறைமுக இணைப்பும் மெலிந்த நேரடி இணைப்பும் ஒரே நேரத்தில் ஒளிரக்கூடும்.

2007இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் இயன் விக்கர்ஷாமும் எட்வர்ட் காலவேயும், ஜெர்மனியின் கார்ல்-கிளவுஸ் கான்சல்மன் உருவாக்கியிருந்த மரபணு நீக்கிய ரேபிஸ் வைரசை எடுத்துக்கொண்டு செய்தது இந்தத் துறையின் மிக அழகிய தந்திரங்களுள் ஒன்று. ரேபிஸ் வைரசின் மரபுத்தொகுதி ஏறக்குறைய 12,000 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ. அதில் ஐந்தே மரபணுக்கள். அவற்றுள் உறைப் புரதத்தை ஆக்கும் ஜி மரபணுவை வெட்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்தால், வைரஸ் செல்லுக்குள் பெருகும், செல்லை ஒளிரவைக்கும், ஆனால் அடுத்த செல்லுக்குப் பரவ இயலாது. இனி, அதன் மேற்சட்டையையும் மாற்றிவிடுகிறார்கள். பறவைகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரசின் உறைப் புரதத்தை அணிவித்தால், அதற்குரிய டிவிஏ என்னும் ஏற்பி இருக்கும் செல்லுக்குள் மட்டுமே அது நுழையும். பாலூட்டிகளின் செல்களில் டிவிஏ இல்லை. ஆகவே ஆய்வாளர் தமக்கு வேண்டிய நியூரான்களில் மட்டும், வேறொரு தீங்கற்ற வைரசின் துணையோடு, டிவிஏயையும் ஜி புரதத்தையும் ஏற்கெனவே வைத்துவிடுகிறார். ரேபிஸ் அந்த நியூரான்களுக்குள் மட்டும் நுழைகிறது, அங்கே கிடைக்கும் ஜி புரதத்தைப் போர்த்துக்கொண்டு ஒரே ஒரு படி பின்னோக்கித் தாண்டுகிறது, தாண்டிய இடத்தில் ஜி இல்லை, அங்கேயே நின்றுவிடுகிறது. வெளியே நிற்கும் நியூரான்கள் எல்லாம் முதல் நியூரானுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புபவை.

இதில் இந்திய வாசகர் கவனிக்க ஒன்று உண்டு. வெட்டி எடுக்கப்பட்ட அந்த ஜி புரதமே ரேபிஸ் தடுப்பூசி உடலுக்கு அடையாளம் காட்டும் முதன்மைப் பகை. கடிபட்டவருக்குச் செலுத்தப்படும் எதிர்ப்புரதங்கள் பற்றிக்கொள்வதும் அதையே. முதலில் பயன்பட்ட எஸ்ஏடி பி19 என்னும் வகையும் ஐரோப்பியக் காடுகளில் நரிகளுக்கு இரையில் வைத்துக் கொடுக்கப்பட்ட தடுப்பூசியின் வழி வந்ததுதான். உயிர் காக்கும் முயற்சியில் பிறந்த அறிவு சுற்றுவழியில் மூளை ஆய்வுக்கு வந்தது. இதற்கு நேர்மாறான இன்னொரு கதை இந்நாட்டோடு தொடர்புடையது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுக்கும் தடுப்பூசி பல பத்தாண்டுகள் இந்தியாவில் பல்லாயிரம் பேருக்குப் போடப்பட்டது. 2000களின் நடுவில்தான் அது முற்றாகக் கைவிடப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகள் என்று முந்தைய தலைமுறை நினைவில் வைத்திருப்பது அதைத்தான். அதில் கலந்திருந்த மூளைத் திசு சிலருக்கு வாதத்தை உண்டாக்கியது. நரம்புத் திசு கலந்த ஊசியால் வரும் இந்த விபத்தை விளக்க முனைந்த சோதனைகளிலிருந்தே, நரம்புறை அழிவு நோய்க்கான விலங்கு மாதிரி 1930களில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் கையில் உருவானது. ரேபிசும் நரம்பியலும் நூறாண்டுகளாக ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் இந்தக் கட்டுரையின் கவலை வேறிடத்தில் இருக்கிறது. 2007க்குப் பிறகு வெளிவந்த எண்ணற்ற ஆய்வுகளில் ஒரே மாதிரியான படம் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது: எலி மூளையின் வெட்டுத்துண்டுகள், அதில் சிதறிய ஒளிப்புள்ளிகள், அருகில் ஒரு பட்டை வரைபடம். இன்ன நியூரானுக்கு இன்ன பகுதியிலிருந்து இத்தனை விழுக்காடு உள்ளீடு என்று அந்தப் பட்டைகள் சொல்லும். ஆய்வரங்குகளில் அவை மின்சுற்றின் வரைபடத்துக்கு நிகராக வாசிக்கப்படுகின்றன. அப்படி வாசிக்க அவற்றுக்குத் தகுதி இல்லை.

புறணியில் உள்ள ஒரு பிரமிடு நியூரானின் மேல் ஆயிரக்கணக்கான சினாப்சுகள் உண்டு. ரேபிஸ் தடம்பிடித்துக் காட்டும் முந்தைய நியூரான்களோ ஒரு தொடக்க நியூரானுக்குப் பத்துகளிலோ, நன்றாக அமைந்தால் நூறுகளிலோ முடிந்துவிடும். எஞ்சியவை ஏன் ஒளிரவில்லை? ஜி புரதம் எவ்வளவு கிடைத்தது, எந்த வகை ரேபிஸ், எத்தனை நாள் காத்திருந்தார்கள், சினாப்ஸ் எந்த வகை என்பவை எல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. 2016இல் ஜி புரதத்தைச் சீரமைத்தவர்களும், சிவிஎஸ்-என்2சி என்னும் வேறு ரேபிஸ் வகைக்கு மாறியவர்களும் அதே பகுதியில் பல மடங்கு நியூரான்களைக் கண்டார்கள். எலியின் மூளை மாறவில்லை, கருவிதான் மாறியது. அப்படியென்றால் பழைய பட்டை வரைபடத்தின் விழுக்காடுகள் எலியைப் பற்றிச் சொன்னது எவ்வளவு, வைரசைப் பற்றிச் சொன்னது எவ்வளவு?

2017இல் நேச்சர் இதழில் கெவின் பையரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இக்கேள்விக்குக் கூர்மையான ஒரு விடை தந்தது. கோக்கைன் செலுத்தப்பட்ட சுண்டெலிகளில், நடுமூளையின் டோபமைன் நியூரான்களுக்குச் செல்லும் உள்ளீடுகளை ரேபிசால் எண்ணியபோது, குளோபஸ் பாலிடசின் வெளிப்பகுதியிலிருந்து வரும் நியூரான்கள் அதிகமாக ஒளிர்ந்தன. அதற்குக் காரணம் அந்த நியூரான்களின் செயல்பாடு கூடியதே என்று அவர்கள் காட்டினார்கள். உள்ளீட்டு நியூரான் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக வைரஸ் அதற்குள் ஏறுகிறது. இதை ஒரு வாய்ப்பாகப் பயன்படுத்தி, போதைக்கு முக்கியமான புதிய சுற்றை அவர்கள் கண்டுபிடித்தது பாராட்டுக்குரியது. ஆனால் அதே முடிவு மற்றோர் அனைவருக்கும் எச்சரிக்கை. இரு விலங்குக் கூட்டங்களை ஒப்பிட்டு, ஒன்றில் உள்ளீட்டு நியூரான்கள் கூடுதலாக இருக்கின்றன, ஆகவே புதிய இணைப்புகள் முளைத்திருக்கின்றன என்று எழுதுகிறவர்கள், இணைப்பு முளைத்ததா அல்லது பழைய இணைப்பே விழித்துக்கொண்டதா என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். மூளைத்துண்டில் மின்முனை வைத்து, ஒளியால் தூண்டி, மின்னோட்டத்தை அளக்கும் பழைய உழைப்புக்கு மாற்று எதுவும் வந்துவிடவில்லை.

நச்சுத்தன்மை பற்றிய கதை இன்னும் படிப்பினை தருவது. எஸ்ஏடி பி19 நுழைந்த நியூரான்கள் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் நலிந்து மடியத் தொடங்கும். இணைப்பை வரைய அது போதும். அதே நியூரான்களின் செயல்பாட்டை மாதக்கணக்கில் பார்க்க முடியாது. 2017இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு, வைரசின் என் புரதத்தோடு அதை விரைவில் அழியச் செய்யும் ஒரு துண்டை ஒட்டவைத்து, தானே அடங்கிக்கொள்ளும் ரேபிசை உருவாக்கியதாக செல் இதழில் அறிவித்தது. வைரஸ் தன் வேலையை முடித்துவிட்டு ஒதுங்கும், நியூரான் பிழைத்திருக்கும் என்பது வாக்குறுதி. உலகெங்கும் வரவேற்பு. பின்னர் எம்ஐடியில் விக்கர்ஷாமின் ஆய்வகம் அந்த வைரஸ் மாதிரிகளைப் பெற்று, ஒவ்வொரு துகளின் ஆர்என்ஏயையும் படித்துப் பார்த்தபோது, ஒட்டவைத்த துண்டு பெரும்பாலானவற்றில் செயலற்றுப் போயிருந்தது. துண்டுக்கு முன்பாகவே ஒரு திடீர்மாற்றம் ஏற்பட்டு, புரதம் அங்கேயே முடிந்துவிட்டது. அதாவது அந்தக் குப்பிகளில் இருந்தது பெருமளவுக்குப் பழைய ரேபிசே. முதற்குழு மறுத்தது: குடுவையில் நீண்ட நாள் பெருக்கினால்தான் அப்படி நேரும், முறையாகத் தயாரித்தால் துண்டு நிலைத்திருக்கும், விளைவும் நிலைக்கும் என்று அவர்களும் வரிசைப்படுத்திக் காட்டினார்கள்.

இரு தரப்பில் யார் சரி என்று தீர்ப்பு வழங்குவது இங்கே நோக்கமன்று. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்று போதும்: குடுவையில் இயற்கைத் தேர்வு நடக்கிறது. வைரசின் வேகத்தைக் குறைக்கும் எந்தத் துண்டும், வைரஸ் தன் வேலையைத் தடையின்றிச் செய்ய முடிந்தால், கழற்றி எறியப்படும். ஆர்என்ஏ வைரஸ் நகலெடுக்கையில் பிழைகளைத் திருத்துவதில்லை. பிழை செய்த ஒன்று மற்றவற்றைவிட வேகமாகப் பெருகினால் சில சுற்றுகளில் குடுவை அதன் வசமாகிவிடும். டார்வினின் கோட்பாட்டைப் பாடமாகப் படித்தவர்களே அதைத் தம் உறைபெட்டியில் மறந்துவிடுகிறார்கள். நுண்ணோக்கிக்கு இத்தகைய கவலை இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை சீரமைத்தால் போதும். வைரஸ் என்னும் கருவி ஒவ்வொரு தொகுதியிலும் வேறாகிவிடக்கூடிய உயிர்ப்புடைய கருவி. பின்னர் விக்கர்ஷாம் குழுவே ஜியோடு எல் என்னும் மரபணுவையும் சேர்த்து நீக்கி, 2018இல் நியூரானைக் கொல்லாத ஒரு வகையை வெளியிட்டது. அதிலும் பெருக்கம் வெகுவாகக் குறைவதால் சமிக்ஞை மங்கல். எல்லாம் தரும் வைரஸ் எதுவும் இல்லை.

துணைக்கு வரும் தீங்கற்ற வைரசின் நிலை என்ன? அடினோவைரசோடு ஒட்டிவாழும் ஏஏவி 1965இல் அடினோவைரஸ் மாதிரியில் கலந்திருந்த வேண்டாத பொருளாகக் கண்டறியப்பட்டது. இன்று நரம்பியலின் அன்றாடப் பாத்திரம் அது. அதன் கொள்ளளவு 4,700 எழுத்துகள் மட்டுமே. பெரிய மரபணுக்கள் ஏறாது. ஆனாலும் ஒளியுணர் புரதங்களும் கால்சியம் காட்டும் புரதங்களும் மூளைக்குள் போவது பெரும்பாலும் இதன் முதுகில்தான். 2016இல் கலிபோர்னியாவில் பென் டெவர்மனும் விவியானா கிரடினாருவும், நரம்பு ஊசியில் செலுத்தினாலே மூளை முழுவதும் பரவும் பிஎச்பி.பி என்னும் வகையைக் கண்டுபிடித்தார்கள். மண்டையைத் துளைக்க வேண்டாம் என்ற மகிழ்ச்சி பெரிது. பிறகு தெரிந்தது, அது சி57பிஎல்/6 என்னும் எலி வகையில்தான் அவ்வாறு வேலை செய்கிறது என்பது. 2019இல் காரணம் புலப்பட்டது. எல்ஒய்6ஏ என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அது இரத்த நாளச் சுவரைக் கடக்கிறது. அப்புரதம் பால்ப்/சி எலியின் மூளை நாளங்களில் வைரசுக்கு ஏற்ற வடிவில் இல்லை; குரங்குகளிலும் அந்த வழி திறப்பதில்லை. இந்திய விலங்கு இல்லங்கள் பலவற்றில் பால்ப்/சி பரவலாக வளர்க்கப்படுகிறது. வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு, வைரசை வரவழைத்து, கைவசம் இருக்கும் எலியில் செலுத்திக் காத்திருந்து, ஒளிரவில்லையே என்று தன் கைத்திறனை நொந்துகொள்ளும் மாணவர் எந்த ஆய்வகத்திலும் இருக்கலாம்.

ஏஏவி1 அதிக அளவில் செலுத்தப்பட்டால் சினாப்சைக் கடந்து முன்னோக்கிச் செல்லும் என்று 2017இல் காட்டப்பட்டது. ஆனால் அது பின்னோக்கியும் செல்லும். ஆகவே இருபுறமும் பேசிக்கொள்ளும் பகுதிகளில் அதை நம்ப முடியாது. மூளையில் பெரும்பாலான பகுதிகள் அப்படித்தான் பேசிக்கொள்கின்றன. பின்னோக்கிச் செல்லும் ஏஏவி2-ரெட்ரோ என்னும் வகைக்கும் விருப்பு வெறுப்பு உண்டு: நோரட்ரினலின், செரட்டோனின் போன்ற நியூரான்களில் சில அதற்கு எளிதில் வழிவிடுவதில்லை, நாய் அடினோவைரசுக்கு வழிவிடும். ஒளிராத இடத்தில் இணைப்பு இல்லை என்று எழுதும் முன் இவ்வளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியச் சூழலில் இது மேலும் சிக்கலாகிறது. இந்நாட்டில் பெங்களூரு, புனே, மும்பை, மானேசர் ஆகிய இடங்களில் நரம்புச் சுற்று ஆய்வு வலுப்பெற்றுவருகிறது. மாணவர்களுக்குத் திறமை இருக்கிறது, நுண்ணோக்கிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றியமைத்த வைரசுகளில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. உறைந்த நிலையில், உலர் பனிக்கட்டி நிரம்பிய பெட்டியில், சுங்கத் தாள்களோடு வருகிறது. விமானநிலையக் கிடங்கில் ஒரு நீண்ட விடுமுறை வந்துவிட்டால் பனிக்கட்டி காற்றாகிவிடும். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் எண் வைரஸ் புறப்பட்ட நாளின் எண். வந்து சேர்ந்த நாளின் எண்ணை அளப்பவர் குறைவு. அளக்க ஒரு துளி வீணாகும், விலையோ உயர்வு, நிதியாண்டு முடியப்போகிறது. இந்தச் சிக்கனம் அறிவியலைப் பாதிக்கும் இடம் எதுவென்றால், கட்டுப்பாட்டுச் சோதனை. ஜி புரதம் கொடுக்காத எலி ஒன்று. டிவிஏ தோன்றவே கூடாத எலி ஒன்று. இவ்விரண்டிலும் ரேபிசைச் செலுத்திப் பார்த்தால்தான், ஊசி போட்ட இடத்தைச் சுற்றி ஒளிர்வது கசிவா, உண்மையா என்பது தெரியும். டிவிஏ மிகச் சிறிய அளவே கசிந்தாலும் வைரஸ் நுழைந்துவிடும் என்பதாலேயே, திறன் குறைந்த டிவிஏ வடிவம் ஒன்றைப் பிற்பாடு உருவாக்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு குப்பியில் ஆறு எலிகளுக்கே போதும் என்றால், இரண்டைக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்க எத்தனை மேற்பார்வையாளர்கள் சம்மதிப்பார்கள்? கேள்வி கூர்மையானது, விடை பல பல்கலைக்கழக வளாகங்களில் எல்லோருக்கும் தெரிந்ததே.

இதை ஒழுங்குமுறையின் குற்றம் என்று சொல்லித் தப்பிவிடும் பழக்கமும் உண்டு. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகளும், 2017இல் உயிரித் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களும் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகின்றன. அது சரியே. 2020இல் துறை நடைமுறையை எளிதாக்கி, இடர் குறைந்த வகைகளின் இறக்குமதியை நிறுவனக் குழுவே தீர்மானிக்க இடமளித்தது. ஆக, தாள்களின் சுமை குறைந்திருக்கிறது. குறையாமல் இருப்பது, இந்நாட்டிலேயே ஆய்வுக்கான வைரசைத் தயாரித்து, தரம் பார்த்து, கேட்பவருக்கெல்லாம் கொடுக்கும் பொது மையத்தின் தேவை.

தயாரிப்பது அவ்வளவு கடினமா? ஏஏவியைப் பொறுத்தவரை இல்லை. மூன்று பிளாஸ்மிடுகள், மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த எச்ஈகே செல்கள், அதிவேக மையவிலக்கி, அளவை அறிய ஒரு பிசிஆர் கருவி. இவை பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களில் உண்டு. உறைந்த வைரசை அனுப்புவதற்குப் பதிலாக பிளாஸ்மிடை அனுப்புவதும் எளிது. ரேபிஸ் சற்றே பொறுமை கேட்கும். ஜி புரதத்தைத் தாமே தரும் செல்களில் வாரக்கணக்கில் வளர்த்து, பின் மேற்சட்டை மாற்றும் செல்களில் மீண்டும் ஒருமுறை வளர்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பழைய சட்டையோடு எஞ்சிய துகள்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். அவை சிறிதளவு இருந்தாலும் டிவிஏ இல்லாத நியூரான்களுக்குள்ளும் நுழைந்துவிடும். செய்பவருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவது நல்லது. இதெல்லாம் ஒரு தனி ஆய்வகம், ஒரு முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் தோளில் ஏற்ற வேண்டிய சுமை அல்ல. அவர் கற்றுத் தேறும்போது பட்டம் முடிந்து போய்விடுவார், அறிவும் அவரோடு போகும். பொது மையத்தில் நிரந்தரப் பணியாளர்கள் இருந்தால்தான் கைப்பக்குவம் தங்கும்.

இந்நாட்டில் வைரஸ் கடத்திகளைக் கையாளும் திறன் இல்லாமலும் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இரத்த உறையாமை நோய்க்கு லென்டிவைரசைக் கொண்டு செய்த மரபணுச் சிகிச்சை 2024இல் உலகின் கவனத்தைப் பெற்றது. கான்பூர் ஐஐடியில் ஏஏவி கொண்டு மரபணுச் சிகிச்சை ஆய்வு நடக்கிறது. இவை சிகிச்சைப் பாதையில் செல்பவை, தரக் கட்டுப்பாடு அங்கே தவிர்க்க முடியாதது. அடிப்படை நரம்பியலின் பாதையில் அந்த ஒழுக்கம் இன்னும் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடம் ஒன்றை அமைக்கச் சொல்வது பேராசை ஆகாது.

இதற்கு எதிராக ஒரு குரல் எழும், அதைக் கேலி செய்யாமல் கேட்க வேண்டும். ரேபிசால் மனிதர் சாகும் நாட்டில், அதே வைரசைக் கொண்டு எலியின் மூளையை ஒளிரவைத்துக் கொண்டிருப்பது முறையா? சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்திய கள ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,700 பேர் ரேபிசால் இறப்பதாக 2025இல் மதிப்பிட்டது. பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த 18,000 முதல் 20,000 வரையிலான எண்ணைவிட இது குறைவு. ஆனால் தடுப்பூசியால் முழுவதும் தவிர்க்கக்கூடிய மரணங்கள் இவை. அந்த அளவில் ஒவ்வொன்றும் மிகுதியே. அந்த மரணங்களைத் தடுப்பது நாய்களுக்கான தடுப்பூசியும், கடிபட்டவர் சோப்பும் நீரும் கொண்டு கால்மணி நேரம் காயத்தைக் கழுவுவதும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஊசி இருப்பதுமே. ஒரு வைரஸ் மையத்துக்கான நிதியை மறுத்தால் அந்தப் பணம் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய்விடும் என்று நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்சின் நரம்பு வைரசியல் துறை ரேபிசுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாக இருக்கிறது. குன்னூரில் 1907இலிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிறது. ரேபிசைப் பற்றிய மருத்துவ அறிவும் ரேபிசைக் கருவியாக்கும் அறிவும் இந்நாட்டில் இருவேறு கூடங்களில் அறிமுகமின்றி இருக்கின்றன. அறிமுகம் செய்துவைத்தால் இருவருக்கும் லாபம்: ஜி புரதம் எந்த ஏற்பியைப் பற்றுகிறது, நியூரான் ஏன் சில நாளில் மடிகிறது, எதிர்ப்புரதம் மூளைக்குள் ஏன் தாமதமாகிறது என்பவை இருவரும் கேட்கும் கேள்விகள்.

அதுவரை செய்யக்கூடியவை எளிமையானவை, பணம் கேட்காதவை. பட்ட ஆய்வேட்டின் முறைமைப் பகுதியில், வைரசின் பெயரோடு நிறுத்தாமல் தொகுதி எண்ணையும் எழுதலாம். குப்பி வந்து சேர்ந்தபின் அளந்த அளவை எழுதலாம், எத்தனை முறை உருகி உறைந்தது என்பதையும் எழுதலாம். தொடக்க நியூரான்கள் எத்தனை என்ற எண்ணைப் பின்னிணைப்பில் புதைக்காமல் முதற்படத்திலேயே வைக்கலாம். அந்த எண் இல்லாத உள்ளீட்டு விழுக்காடு கணக்கில்லாத வட்டிபோல. ஒரு தொகுதியின் வைரசை வரிசைப்படுத்திப் பார்க்க இன்றைய நானோபோர் கருவிக்கு ஒரு பிற்பகலும் சிறிது செலவும் போதும். ஒரே நகரத்தில் உள்ள நான்கு ஆய்வகங்கள் சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்யலாம். கட்டுப்பாட்டு எலிகளின் படங்களையும் வெளியிடலாம், அவற்றில் ஒளிப்புள்ளிகள் தென்பட்டாலும்.

ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத் தேர்வாளர்களும் இதில் ஒரு கை கொடுக்கலாம். படங்களின் அழகைப் புகழ்ந்துவிட்டு அடுத்த இயலுக்குப் போவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: இது எந்தத் தொகுதி, ஊசி போட்ட வாரத்தில் அதன் அளவு என்ன, ஜி கொடுக்காத எலியில் என்ன தெரிந்தது?